பேஸ் கிட்டார்க்காரர் பதில்கள்: ஆஷா புத்லி ஏன் ஃபங்க் பாடினார்?

(மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவர், இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். வாசகர்களின் இசைக் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறார்.)

சார், என் மகன் ஆர்னெட் கோல்மன் என்பவரின் ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ ஜாஸ் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். அதில் பாடியவர் ஆஷா புத்லி என்ற பம்பாய்ப் பெண் என்றான். அடுத்து, அதே பெண் பாடியது என்று ‘ஸ்பேஸ் டாக்’ பாட்டைப் போட்டான். முதலாவது பிடிபடவே இல்லை. இரண்டாவதுக்குக் கால் தானாகத் தாளம் போட்டது. இரண்டும் ஒரே ஆளா? நாலைந்து வருஷத்தில் ஒருவர் இவ்வளவு மாற முடியுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ஒரே ஆள்தான் ஐயா. இந்தக் கேள்விக்காக நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆஷா புத்லி 1945-ல் பம்பாயில் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்துஸ்தானி சங்கீதமும் கற்றார், மேற்கத்திய ஓபரா பாட்டும் கற்றார். அன்றைய பம்பாய்க்கு ஜாஸ் புதிதல்ல. 1930-களிலேயே அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்கள் தாஜ் மஹால் ஹோட்டலில் வாசித்தார்கள். அவர்களிடமிருந்து கோவாக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். இந்திப் பட ரிக்கார்டிங்கில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஊதியவர்களும் அதே கோவாக்காரர்கள்தான். அந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண் காலையில் ராகமும் மாலையில் ஜாஸும் பாடியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அதிசயம், அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்த விதம். விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். அப்புறம் மார்த்தா கிரஹாமின் நடனப் பள்ளியில் உதவித்தொகை கிடைத்தது. நடனப் பள்ளியில்! இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். எழுத்தாளர் வேத் மேத்தா இந்தியாவைப் பற்றி எழுதி 1970-ல் வந்த புத்தகத்தில் பம்பாய் ஜாஸ் பற்றியும் இந்தப் பெண்ணைப் பற்றியும் எழுதியிருந்தார். அது கொலம்பியா ரிக்கார்ட்ஸின் ஜான் ஹாமண்ட் காதுக்கு எட்டியது. பில்லி ஹாலிடே, அரீத்தா ஃபிராங்க்லின், பாப் டிலன் ஆகியோரை அடையாளம் கண்ட மனிதர் அவர். அவர்தான் ஆஷாவை ஆர்னெட் கோல்மனிடம் அனுப்பினார். 1971-ல் ரிக்கார்டிங், மறு வருஷம் ஆல்பம் வெளியானது. அதில் ஆஷா பாடியவை இரண்டே பாட்டுகள்: ‘வாட் ரீசன் குட் ஐ கிவ்’, ‘ஆல் மை லைஃப்’.

உங்களுக்குப் பிடிபடாத பாட்டு முதலாவதாகத்தான் இருக்க வேண்டும். அதில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒரு சுரத்தை நீளமாக இழுக்கின்றன. ஆஷாவின் குரல் அவற்றுக்கு நடுவே இன்னொரு ஊதுகருவியாகவே நிற்கிறது. கீழே ட்ரம்ஸ் தன் பாட்டுக்கு வேகமாக ஓடுகிறது. மேலே இருப்பவர்களுக்கு அந்த வேகத்தோடு எந்த அவசரமும் இல்லை. சார்லி ஹேடன் பேஸ் வாசிக்கிறார். வழக்கமான ஜாஸ் பேஸ் மாதிரி அடுத்த கார்ட் (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) இதுதான் என்று வழிகாட்டுகிற வாசிப்பு அல்ல அது. பாட்டு போகிற திசையைக் காதால் பிடித்து, கூடவே போகிறார்.

விஷயத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. சாதாரண ஜாஸ் பாட்டில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். பாடுகிறவர் அந்த மாற்றங்களின் மேல் கால் வைத்து நடக்க வேண்டும். ஆர்னெட் 1959-லேயே அந்தக் கட்டாயத்தை விட்டுவிட்டார். மெட்டு எங்கே போகிறதோ அங்கே எல்லோரும் போவோம் என்றார். அமெரிக்கப் பாடகர்கள் பலருக்கு இது அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்திருக்கும். ராகம் பாடிப் பழகிய குரலுக்கு அப்படி இல்லை. நமக்குத்தான் கார்டே கிடையாதே! ஒரு ஆதார ஸ்ருதி, அதன் மேல் மெட்டு, அவ்வளவுதான்.

இப்போது ஃபங்க் பக்கம் வாருங்கள், அதாவது தாளத்தையே முதன்மையாக வைத்த அமெரிக்கக் கறுப்பின நடன இசை. பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘கோல்ட் ஸ்வெட்’ 1967-ல் வந்தது. அதில் கார்ட் மாற்றம் ஏறக்குறைய இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து தாளத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போகிற பாட்டு. அதைச் சேர்ந்து எழுதிய பீ வீ எல்லிஸ் ஜாஸ் சாக்ஸஃபோன்காரர். அந்தப் பாட்டின் ஊதுகருவி வரிக்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959-ம் வருஷத்து ‘ஸோ வாட்’தான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, ஃபங்க் ஜாஸுக்கு வெளியே எங்கோ பிறந்த பிள்ளை இல்லை.

ஆர்னெட்டின் இசையும் ஃபங்கும் இரு துருவம் என்று நினைக்கிறோம். இரண்டிலுமே கார்ட் மாற்றத்தின் அதிகாரம் போய்விட்டது என்பதைக் கவனிப்பதில்லை. இரண்டிலும் ஆதார ஸ்ருதி பிடித்துப் பாடத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது போல இருக்கலாம். ஆஷா இருந்தார். என் கணக்கில் அவர் திசை மாறவே இல்லை. மாறியது கீழே ஓடிய தாளம்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ வெளிவருவதற்கு முன்பே, பீட்டர் ஐவர்ஸ் என்பவரின் ப்ளூஸ் குழுவோடு அவர் ‘எய்ன்ட் தட் பெக்யூலியர்’ பாடியிருந்தார். அது மார்வின் கே 1965-ல் பாடிப் பிரபலமான, மோடவுன் என்ற ரிக்கார்ட் நிறுவனத்தின் பாட்டு. அதாவது, ஆட்டம் போட வைக்கும் கறுப்பின நடன இசைதான் அவருக்கு அமெரிக்காவில் முதல் படிகளில் ஒன்று. நடுவில் ஆர்னெட் வந்தார்.

அதன் பிறகு சி.பி.எஸ். ரிக்கார்ட் நிறுவனம் மூலம் ஐரோப்பாவில் தனி ஆல்பங்கள் வந்தன. 1973-ல் முதல் ஆல்பம், தயாரித்தவர் டெல் நியூமன். ‘ஸ்பேஸ் டாக்’ 1976-ல் வந்த ‘தி டெவில் இஸ் லூஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் டீட்டர் சிம்மர்மன், ஜெர்மன்காரர். ஓபரா படித்த பெண் அதில் எப்படிப் பாடுகிறார் பாருங்கள்: பாதி குரல், பாதி மூச்சு. தொண்டையைத் திறந்து ஒரு முழக்கம் போட்டிருக்கலாம், அதற்கான பயிற்சி அவரிடம் இருந்தது. போடவில்லை. பேஸும் தந்திக் கருவிகளும் தாங்கிக்கொண்டு போக, மேலே காற்றில் எழுதுகிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார். ஆர்னெட்டிடம் கற்றது இதுதான் என்பேன். கருவிகளோடு போட்டி போடாமல், அவற்றில் ஒன்றாக நிற்பது.

நடனப் பள்ளியை நினைவில் வைக்கச் சொன்னேனே, உடம்பால் தாளம் கற்றவருக்கு ஃபங்க் அந்நியமாக இருக்காது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆர்னெட் கோல்மன், 1977-ல் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டாரும் எலெக்ட்ரிக் பேஸும் வைத்து ‘டான்ஸிங் இன் யுவர் ஹெட்’ ஆல்பத்தை வெளியிட்டார். குருவும் அந்தத் தெருவுக்கே வந்து சேர்ந்தார்.

ஃபங்க், டிஸ்கோ, ஜாஸ் மூன்றையும் தாளத்தை வைத்து எப்படிப் பிரித்து அறிவது? மிருதங்கம் கற்கிறேன், அந்த மொழியில் சொன்னால் புரியும்.
– கல்லூரி மாணவி, திருச்சி

உங்களுக்குச் சொல்வது சுலபம். ஜாஸின் ‘ஸ்விங்’ நடையில் ஒவ்வொரு அடியையும் தகிட என்று மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் இருக்கும் ‘கி’யை விட்டுவிட்டு த… ட, த… ட என்று சொல்லிப் பாருங்கள். ட்ரம்ஸ்காரர் சிம்பலில் தட்டுவது ஏறக்குறைய அதுதான். அழுத்தம் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் விழும்.

ஃபங்க் சதுஸ்ர நடை. அடிக்கு ஒரு தகதிமி, நாலு அடிக்குப் பதினாறு எழுத்து. அந்தப் பதினாறில் முதல் ‘த’வை எல்லோரும் சேர்ந்து ஒரே போடாகப் போட வேண்டும். ஜேம்ஸ் பிரவுன் அதை ‘தி ஒன்’ என்பார். நம் சமம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பதினைந்தில் யார் எங்கே வாசிக்கிறோம், யார் எங்கே சும்மா இருக்கிறோம் என்பதில்தான் ஃபங்கின் உயிர் இருக்கிறது.

டிஸ்கோவில் கிக் ட்ரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்) நாலு அடியிலும் தவறாமல் விழும். ஆடுகிறவருக்குச் சந்தேகமே வராது. ‘ஸ்பேஸ் டாக்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டிஸ்கோவின் தொடர்ச்சி இருந்தாலும் பேஸில் ஃபங்கின் இடைவெளிகள் கேட்கின்றன. எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்டால், ஃபங்க் பெட்டியில் போடுவேன்.

பேஸ்காரன் என்பதால் ஒரு நுணுக்கம் சொல்லிவிடுகிறேன். ஃபங்க் பேஸில் சுரமே வராத ஒரு மீட்டல் உண்டு. இடது கை விரலைத் தந்தியில் அழுத்தாமல் சும்மா தொட்டு வைத்துக்கொண்டு வலது கையால் மீட்டினால் ‘டக்’ என்று ஒரு தட்டல் மட்டும் வரும். இரண்டு சுரங்களுக்கு நடுவே அதைப் போட்டால் வரி முழுக்கத் துள்ள ஆரம்பிக்கும். என்னிடம் புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த இடங்களையும் சுரங்களால் நிரப்பிவிடுவார்கள். பாதியை எடுத்துவிடச் சொல்வேன். எடுத்த மறுநிமிஷம் அவர்கள் தலை ஆட ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டைவிரலால் தந்தியை அடிக்கும் ‘ஸ்லாப்’ முறையை எலெக்ட்ரிக் பேஸில் பிரபலமாக்கியவர் லாரி கிரஹாம். அவர் தன் அம்மாவோடு சேர்ந்து வாசித்த குழுவில் ட்ரம்ஸ்காரர் கிடையாது. ட்ரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை அவர் கட்டைவிரல் செய்தது.

ஜாஸ் கலைஞர்கள் எழுபதுகளில் ஃபங்க் பக்கம் போனது பணத்துக்காகத்தான். தரத்தை இறக்கிக்கொண்டதை நீங்கள் நியாயப்படுத்தக் கூடாது.
– வாசகர், சென்னை

உங்கள் கோபம் புரிகிறது. நல்ல ஜாஸ் மேல் பற்று உள்ளவருக்குத்தான் இந்தக் கோபம் வரும். ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பணம் ஒரு காரணம் இல்லை என்று சொல்லவில்லை. ராக் வந்த பிறகு ஜாஸ் கிளப்புகளின் கூட்டம் குறைந்தது உண்மை. டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் 1973-ல் ‘பிளாக் பேர்ட்’ போட்டபோது விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள். அதை வெளியிட்ட புளூ நோட் என்ற ஜாஸ் ரிக்கார்ட் நிறுவனத்துக்கு அதுவரை அப்படி ஒரு விற்பனை இருந்ததில்லை. அதே வருஷம் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பம் வந்தது. அதில் ஒரு பாட்டின் பெயரே ‘ஸ்லை’. ஸ்லை ஸ்டோன் என்ற ஃபங்க் கலைஞருக்கு வைத்த மரியாதை அது. மனதில் இளக்காரத்தை வைத்துக்கொண்டு இப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். அதே ஆல்பத்தின் ‘கமீலியன்’ பாட்டின் பேஸ் வரியை ஹான்காக் சின்தசைஸரில் வாசித்திருக்கிறார். அதை விரலில் கொண்டுவந்து பாருங்கள், கை வலிக்கும். ஒரே வரியைக் கால் மணி நேரம் இம்மி பிசகாமல் பிடிப்பது இறங்கி வந்து செய்கிற வேலை இல்லை.

போகாதவர்களையும் நான் கும்பிடுகிறேன். பெட்டி கார்ட்டர் என்ற பாடகி வளைந்துகொடுக்கவே இல்லை. பெரிய நிறுவனங்கள் அவர் பாணியைக் கண்டுகொள்ளாத காலத்தில் சொந்தமாக ஒரு ரிக்கார்ட் நிறுவனம் ஆரம்பித்து, தன் ஜாஸை அதில் போட்டார். அந்த உறுதி பெரிது. அதற்காக ஆஷா செய்தது சிறிதாகிவிடாது. ஒருவர் எதை விட்டார் என்று பார்த்து மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. புதிய இடத்தில் என்ன பாடினார் என்று கேளுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

ஆஷா புத்லி மாதிரி ஜாஸிலிருந்து ஃபங்க் பக்கம் வந்த வேறு பாடகி யார்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், கேட்கிறேன்.
– மருந்துக்கடை நடத்துபவர், திருநெல்வேலி

மார்லினா ஷா. கவுன்ட் பேஸியின் பெரிய ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவில் பாடியவர். அந்த மேடையில் பத்துப் பதினைந்து ஊதுகருவிகளைத் தாண்டிக் குரல் கேட்க வேண்டும், அப்படிப்பட்ட குரல். 1969-ல் அவர் பாடிய ‘கலிஃபோர்னியா சோல்’ இன்றைக்கும் எங்காவது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது அதை அல்ல. 1975-ல் புளூ நோட்டில் அவர் போட்ட ஆல்பத்தைத் தேடுங்கள். ஆரம்பத்தில் பாட்டே இருக்காது. ஒரு மதுக்கடையில் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வது நீளமாகப் போகும். தள்ளிவிடாமல் பொறுமையாகக் கேளுங்கள். அதிலிருந்து ‘ஸ்ட்ரீட் வாக்கிங் வுமன்’ பாட்டுக்குள் குதிக்கிறார்கள். பாய்ச்சலான ஃபங்க், நடுநடுவே சட்டென்று ஸ்விங் நடைக்கு மாறித் திரும்பவும் ஃபங்குக்கு வருகிறது. திருச்சி மாணவிக்குச் சொன்னேனே, தகதிமியிலிருந்து தகிடவுக்குப் போவது, அதை ஒரே பாட்டில் கேட்கலாம். ட்ரம்ஸ் ஹார்வி மேசன். பேஸ் சக் ரெய்னி, நான் யாரைப் பார்த்து வாசிக்கக் கற்றேனோ அந்த வரிசையில் முன்னால் நிற்பவர். இரண்டு நடையிலும் மார்லினா ஷா குரலை மாற்றவே இல்லை என்பதையும் கவனியுங்கள். 2024 ஜனவரியில் அவர் காலமானார்.

ஒரு பெயர்தான் கேட்டீர்கள். இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை: நீனா ஸிமோன், 1974-ல் வந்த ‘இட் இஸ் ஃபினிஷ்ட்’ ஆல்பம்.

அந்தக் காலத்தில் பெரிய வெற்றி பெறாத ‘ஸ்பேஸ் டாக்’ இத்தனை வருஷம் கழித்து எப்படி எல்லோருக்கும் தெரிகிறது?
– தனியார் நிறுவன ஊழியர், கோவை

இரண்டு பேரைச் சொல்லலாம். முதலாமவர் டேவிட் மன்கூஸோ. நியூயார்க்கில் தன் வீட்டிலேயே நடன விருந்துகள் நடத்தியவர். 1970-ல் தொடங்கிய அந்த இடத்துக்கு ‘தி லாஃப்ட்’ என்று பெயர் வந்தது. அழைப்பு உள்ளவர்கள் மட்டும் வரலாம். மது விற்பனை கிடையாது. ஒலிபெருக்கியின் தரத்துக்காக மனிதர் எவ்வளவு செலவழித்தார் என்பதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதலாம். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று வெளியே ஒதுக்கப்பட்ட பலருக்கு அது பயமில்லாமல் ஆடக் கிடைத்த இடம். அங்கே விருப்பப் பாடலாகச் சுழன்ற இசைத்தட்டுகளில் ‘ஸ்பேஸ் டாக்’ ஒன்று. விளம்பரம் இல்லாமல், ஆடிய கால்கள் வழியாகவே பெயர் பரவியது.

இரண்டாமவர் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. அவருடைய 1997-ம் வருஷத்து ‘லைஃப் ஆஃப்டர் டெத்’ ஆல்பத்தில் ஒரு பாட்டு இந்த இசையை வெட்டியெடுத்து அடித்தளமாக வைத்துக்கொண்டது. ஒரு பாட்டை ராப் இசைக்காரர்கள் எடுக்கிறார்கள் என்றால், அதில் சுழற்றிச் சுழற்றிப் போட்டாலும் அலுக்காத சில நொடிகள் இருக்கின்றன என்று பொருள். 2006-ல் சென்ட்ரல் பார்க்கில் ஆஷாவே மேடையேறிப் பாடினார்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெரிய இசைக்கலைஞர்களோடு வெளிநாட்டில் வாசித்த நம் நாட்டு சிதார், தபேலா வித்வான்களின் பெயர்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர்னெட் கோல்மனோடு பாடிய ஒரு இந்தியப் பெண்ணின் பெயரைச் சொன்னால், சங்கீதத்திலேயே ஊறிய நண்பர்கள்கூட யார் என்று கேட்கிறார்கள். கும்பகோணம் வாசகரின் மகனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் பாட்டுகளை போனிலேயே கேட்டால் போதுமா? எனக்கு பேஸ் தனியாகக் கேட்பதே இல்லை.
– இல்லத்தரசி, மதுரை

போன் ஸ்பீக்கரில் கேட்காதது உங்கள் காதின் குறை இல்லை அம்மா. நாலு தந்தி பேஸில் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் ஒரு வினாடிக்குச் சுமார் 41 அதிர்வு. போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. மேலே இருக்கும் குரலும் சிம்பலும்தான் உங்களுக்குக் கேட்டிருக்கும். விலை அதிகமில்லாத ஹெட்ஃபோன் ஒன்று போதும், காதை நன்றாக மூடுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ‘ஸ்பேஸ் டாக்’ போட்டு, முதல் தடவை ஆஷாவின் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் வாயால் முணுமுணுத்துக்கொண்டே வாருங்கள். வரி பிடிபட்ட பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டுக் குரலைக் கேளுங்கள். பேஸ் விடுகிற இடைவெளியில் அவர் எப்போது நுழைகிறார், எப்போது நுழையாமல் காத்திருக்கிறார் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.